சுக்கானும் சக்கரமும்

நுழையும்முன்

மும்பைத் தெருக்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய கறுப்பு மஞ்சள் வாடகைக் கார் ஒரு மனிதரின் கனவிலிருந்து பிறந்தது. கப்பல், விமானம், கார் ஆகிய மூன்றையும் இந்தியர் தம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். அவருடைய வாழ்வையும், அவர் தொடங்கிய கார்த் தொழிலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இப்பாடம் கூறுகிறது.

மாஹிமின் எல்லையில்

மும்பை மாநகரின் வடபகுதியில் ஓடும் ஆட்டோக்கள் பாந்திராவோடு நின்றுவிடுகின்றன. மாஹிம் கழிமுகத்தைக் கடந்து தெற்கே வர அவற்றுக்கு அனுமதி இல்லை. மாஹிம் முதல் கொலாபா வரை வாடகைக் கார்களே ஓடுகின்றன. அவற்றின் உடல் கறுப்பு, கூரை மஞ்சள். இவ்விரு நிறங்களையும் தாங்கி ஓடிய வண்டிகளுள் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது பிரீமியர் பத்மினி என்னும் சிறிய கார்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் அக்காருக்குத் தனி இடம் உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் நாளில், அதன் கூரைமேல் இருந்த இரும்புச் சட்டத்தில் பெட்டிகளும் மூட்டைகளும் கயிற்றால் கட்டப்படும். பெரியவர்கள் பின்னிருக்கையில் நெருங்கி அமர்வார்கள். பிள்ளைகள் அவர்கள் மடியில் இடம் பிடிப்பார்கள். தாதருக்கோ குர்லாவுக்கோ சென்று தமிழ்நாட்டு ரயிலைப் பிடிக்கும் அந்தப் பயணம் அக்காரில்தான் தொடங்கும்.

அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை மாஹிமுக்குத் தொலைவில் இருக்கவில்லை. குர்லாவைத் தொட்டு வரும் மித்தி ஆறு மாஹிமில் கடலைச் சேர்கிறது. அந்தக் குர்லாவில் எழுந்ததே பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை. அதனை நிறுவியவர் வால்சந்த் ஹீராசந்த்.

குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன்

வால்சந்த் 1882 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் சௌராட்டிரப் பகுதியிலுள்ள வாங்கானேரைச் சேர்ந்தவர்கள். பிழைப்பை நாடி மராத்தி பேசும் நாட்டிற்கு வந்து குடியேறியவர்கள். வீட்டில் குஜராத்தியும் வெளியில் மராத்தியுமாக அக்குடும்பத்தின் வாழ்க்கை நடந்தது. பருத்தி வாணிகமும் வட்டித் தொழிலும் குடும்பத்தின் தொழில்களாக விளங்கின.

வால்சந்த் 1899 ஆம் ஆண்டில் சோலாப்பூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் மும்பையில் தூய சேவியர் கல்லூரியிலும் பூனாவில் தக்காணக் கல்லூரியிலும் பயின்றார். எனினும் பட்டம் பெறும் முன்னரே படிப்பை விட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்ப நேர்ந்தது. பணத்தைக் கொடுத்து வட்டி வாங்குவதில் அவருடைய மனம் ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி ஏதேனும் ஒன்றைக் கட்டி எழுப்ப வேண்டும் என்னும் வேட்கை அவரை அலைக்கழித்தது.

அவ்வேளையில் லட்சுமண் பல்வந்த் பாடக் என்பவருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. பாடக் முன்பு ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர். ஒப்பந்த வேலைகளின் நுட்பங்களை அறிந்தவர். பாடக்கின் அறிவும் வால்சந்தின் துணிவும் ஒன்று சேர்ந்தன. இருவரும் ரயில் பாதை அமைக்கும் ஒப்பந்தங்களை ஏற்றுச் செய்யத் தொடங்கினர்.

மலையைக் குடைந்தவர்

சிறு வேலைகளில் தொடங்கிய ஒப்பந்தத் தொழில் விரைவில் பெரிதாக வளர்ந்தது. மும்பைக்கும் பூனாவுக்கும் இடையே போர்காட் மலைத்தொடர் செங்குத்தாக நிற்கிறது. அங்கே ரயில் செல்வதற்காகச் சுரங்கப்பாதைகள் குடையும் பணியை வால்சந்தின் நிறுவனம் மேற்கொண்டது. தான்சா ஏரியிலிருந்து மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் பெருங்குழாய்களைப் பதிக்கும் பணியும் அவர் பொறுப்பில் நடைபெற்றது. தாராவியை ஒட்டிச் செல்லும் பெருங்குழாய்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அப்பணியின் அளவு எளிதில் விளங்கும். தொலைவிலுள்ள ஏரிகளின் நீர் அத்தகைய குழாய்களின் வழியாகவே மாநகரை வந்தடைகிறது.

1926 ஆம் ஆண்டில் அவர் இந்துஸ்தான் கட்டுமான நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சிந்து ஆற்றின் மீது காலாபாக்கில் அமைந்த பாலமும், பர்மாவில் ஐராவதி ஆற்றுப் பாலமும் வால்சந்தின் பெயரை நாடெங்கும் பரப்பின. பெரிய கட்டுமானப் பணிகளை வெளிநாட்டு நிறுவனங்களே செய்ய இயலும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அவ்வெண்ணத்தை அவர் தம் செயலால் மாற்றிக் காட்டினார்.

கடலில் ஒரு போராட்டம்

அக்காலத்தில் இந்தியக் கடல்களில் ஆங்கிலேயரின் கப்பல்களே கோலோச்சின. இந்தியரின் கப்பல் நிறுவனம் எதுவும் தலையெடுத்தால், அவர்கள் பயணக் கட்டணத்தையும் சரக்குக் கட்டணத்தையும் அடியோடு குறைத்து அதனை ஒழித்துவிடுவது வழக்கம். இக்கொடுமையைத் தமிழ்நாடு முன்னரே கண்டிருந்தது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் 1906 ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். கப்பல் வாங்குவதற்காக மும்பைக்கு வந்து அரும்பாடுபட்டார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஆங்கிலேயரின் கட்டணப் போரும் சிறைத் தண்டனையும் அம்முயற்சியை முறித்தன. 1911 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது.

சிதம்பரனாரின் கப்பல் நின்ற எட்டாம் ஆண்டில், மும்பையிலிருந்து மற்றொரு சுதேசிக் கப்பல் புறப்பட்டது. குவாலியர் மன்னர் சிந்தியாவுக்கு உரிமையாக லாயல்டி என்னும் கப்பல் ஒன்று இருந்தது. முதல் உலகப்போரின்போது அது மருத்துவக் கப்பலாகப் பயன்பட்டது. போர் முடிந்தபின் அதனை விற்கப்போகும் செய்தி வால்சந்துக்கு எட்டியது. அவர் நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களுடன் சேர்ந்து அக்கப்பலை வாங்கினார். இவ்வாறு சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் பிறந்தது. 1919 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் லாயல்டி மும்பையிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

லாயல்டி பழைய கப்பல். அதனால் வருவாயைவிடச் செலவே மிகுந்தது. சில ஆண்டுகளில் அது உடைத்து விற்கப்பட்டது. ஆங்கிலேய நிறுவனமும் தன் பழைய கட்டணப் போரைத் தொடங்கியது. 1923 ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, பத்தாண்டுகளுக்குச் சிந்தியா நிறுவனம் கடலோர வாணிகத்தோடு தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வால்சந்துக்கு அது கசப்பான உடன்பாடு. ஆயினும் முழுவதும் அழிவதைவிடக் குறுகி நின்று உயிர்பிழைப்பது மேல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1929 ஆம் ஆண்டில் நரோத்தம் மொரார்ஜி மறைந்தபின் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1950 வரை அப்பொறுப்பில் இருந்து அதனை நாட்டின் முன்னணிக் கப்பல் நிறுவனமாக வளர்த்தார்.

வானமும் துறைமுகமும்

கப்பல்களை வாங்கி ஓட்டினால் மட்டும் போதாது. அவற்றை இந்தியாவிலேயே கட்ட வேண்டும் என்று வால்சந்த் கருதினார். அதற்கு விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார். 1941 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆம் நாள் அங்கே கப்பல் கட்டும் தளத்திற்கு டாக்டர் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே சப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின் மீது குண்டு வீசின. பணிகள் தடைப்பட்டன. போர் முடிந்து, நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாள் ஜல உஷா என்னும் கப்பலைத் தலைமையமைச்சர் நேரு அங்கிருந்து கடலில் இறக்கி வைத்தார்.

அதே ஆண்டுகளில் வானமும் அவரை ஈர்த்தது. பயணம் ஒன்றில் தற்செயலாக அறிமுகமான வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரின் துணையுடன் விமானத் தொழிற்சாலை அமைக்கத் திட்டமிட்டார். மைசூர் அரசு நிலமும் முதலும் தந்து ஆதரித்தது. 1940 ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் முதல் பயிற்சி விமானம் அங்கே உருவாயிற்று. ஆனால் போர்க்காலத் தேவையைக் கருதி 1942 ஆம் ஆண்டில் அரசு அந்நிறுவனத்தில் அவருக்கு இருந்த பங்குகளை வாங்கிக்கொண்டது. தாம் நட்ட மரத்தின் நிழல் தமக்குக் கிடைக்கவில்லையே என்று அவர் சோர்ந்து இருந்துவிடவில்லை. அவருடைய எண்ணம் மூன்றாவதாக ஒரு தொழிலில் ஊன்றியிருந்தது. அதுவே கார்த் தொழில்.

கார் பிறந்த கதை

இந்தியாவில் அக்காலத்தில் ஓடிய கார்கள் வெளிநாடுகளிலிருந்து வந்தவை. உறுப்புகளைத் தனித்தனியே கப்பலில் கொண்டுவந்து இங்கே பொருத்தி விற்கும் வேலையை அமெரிக்க நிறுவனங்கள் செய்துவந்தன. இந்தியரே கார்த் தொழிற்சாலை அமைக்க வேண்டும் என்னும் திட்டத்தைப் பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா 1930களில் வற்புறுத்தி வந்தார். வால்சந்த் அதனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

அவர் அமெரிக்காவுக்குச் சென்று போர்டு நிறுவனத்துடன் பேசினார், உடன்பாடு ஏற்படவில்லை. பிறகு கிரைஸ்லர் நிறுவனத்தை அணுகினார். அது தொழில்நுட்பம் தர இசைந்தது. ஆனால் இங்கிருந்த ஆங்கிலேய அரசு ஆதரவுக் கரம் நீட்டவில்லை. இரண்டாம் உலகப்போரும் குறுக்கிட்டது. எந்திரங்களைக் கொண்டுவரக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. இத்தனை தடைகளையும் கடந்து, 1944 ஆம் ஆண்டில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் பதிவு பெற்றது. குர்லாவில் தொழிற்சாலை எழுந்தது. நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் அதன் முதல் வண்டிகள் வெளிவந்தன. டாட்ஜ், பிளிமத், பார்கோ என்னும் பெயர்களைக் கொண்ட கார்களும் லாரிகளும் அங்கே உருவாயின.

அமெரிக்கக் கார்கள் உருவில் பெரியவை. எரிபொருளை மிகுதியாகக் குடிப்பவை. இந்தியத் தெருக்களுக்கும் இந்தியர் வருவாய்க்கும் சிறிய காரே ஏற்றது என்பது விரைவில் தெளிவாயிற்று. எனவே பிரீமியர் நிறுவனம் இத்தாலி நாட்டின் பியட் நிறுவனத்துடன் கைகோத்தது. 1950களில் குர்லாவிலிருந்து பியட் கார்கள் வெளிவரத் தொடங்கின.

அந்த வளர்ச்சியை வால்சந்த் நெடுநாள் காணவில்லை. 1949 ஆம் ஆண்டில் அவர் பக்கவாத நோய்க்கு ஆளானார். அடுத்த ஆண்டில் தொழில் பொறுப்புகளிலிருந்து விலகினார். மனைவி கஸ்தூர்பாய் அவரை அருகிலிருந்து பேணினார். 1953 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் குஜராத்திலுள்ள சித்தப்பூரில் அவர் மறைந்தார். அவருடைய தம்பியரும் அவர்தம் மக்களும் தொழில்களைத் தொடர்ந்து நடத்தினர்.

பத்மினியின் பொற்காலம்

விடுதலை பெற்ற இந்தியா உள்நாட்டுத் தொழில்களைக் காக்க விரும்பியது. 1953 ஆம் ஆண்டில் அரசு புதிய விதி ஒன்றை வகுத்தது. வெறுமனே உறுப்புகளைக் கொண்டுவந்து பொருத்தும் நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை. படிப்படியாக முழுக் காரையும் இந்தியாவில் செய்யும் நிறுவனங்களே தொழில் நடத்தலாம் என்பது அவ்விதியின் சாரம். போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவை வெளியேறின. அதன்பின் பல ஆண்டுகள் மூன்று கார் நிறுவனங்களே நாட்டில் முதன்மை பெற்றன. வங்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் காரைச் செய்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டு காரைச் செய்தது. மும்பையில் பிரீமியர் நிறுவனம் பியட் காரைச் செய்தது.

1964 ஆம் ஆண்டில் பியட் 1100 டிலைட் என்னும் வடிவம் வந்தது. பின்னர் அதுவே சிறு மாற்றங்களுடன் பிரெசிடென்ட் எனப் பெயர் பெற்றது. 1974 முதல் பத்மினி என்னும் பெயர் நிலைத்தது. மேவார் நாட்டுக் கதைகளில் புகழ்பெற்ற அரசியின் பெயர் அது. பெயர் மாறினாலும் மக்கள் அதனைப் பியட் என்றே அழைத்தனர். தமிழ்நாட்டிலும் முதியவர்களின் நாவில் அப்பெயர் இன்றும் உலவுகிறது.

அக்காரின் எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. கியர் மாற்றும் தண்டு, ஓட்டுநரின் கைச்சக்கரத்திற்கு அடுத்து அமைந்திருந்தது. ஆகவே முன்னிருக்கை இடைவெளியின்றி ஒரே பலகை போல் நீண்டிருந்தது. அம்பாசடரைவிட உருவில் சிறியது என்பதால் நெரிசல் மிக்க மும்பைச் சந்துகளில் எளிதில் திரும்பியது. எரிபொருளும் குறைவாகவே செலவாயிற்று. பழுது ஏற்பட்டால் தெருமுனைப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். இக்காரணங்களால் மும்பையின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் பத்மினியையே விரும்பித் தேர்ந்தனர். கல்கத்தாவின் அடையாளம் அம்பாசடர் என்றால் மும்பையின் அடையாளம் பத்மினி என்னும் நிலை உருவாயிற்று.

சொந்தக் கார் வாங்க விரும்பியவர்கள் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். எத்தனை கார்கள் செய்யலாம் என்பதை அரசின் உரிமமே முடிவு செய்தது. வாங்குவோர் மிகுதி, கார்களோ குறைவு. எதைச் செய்தாலும் விற்றுவிடும் என்னும் நிலை நிறுவனத்திற்கு வசதியாக இருந்தது. அந்த வசதியிலேயே பின்வந்த வீழ்ச்சியின் வித்தும் மறைந்திருந்தது.

இறங்குமுகம்

1983 ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 என்னும் புதிய சிறிய கார் விற்பனைக்கு வந்தது. அது சப்பானின் சுசுகி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவானது. எடை குறைவு, எரிபொருள் செலவு குறைவு, ஓட்டுவதும் எளிது. இருபது ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே உருவில் வந்துகொண்டிருந்த பத்மினி, அதன் அருகில் முதுமையடைந்த கார் போலத் தோன்றியது. பிரீமியர் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் 118 என்.இ. என்னும் புதிய காரை வெளியிட்டது. அதன் உடல் இத்தாலிய வடிவம். எஞ்சின் சப்பானின் நிசான் நிறுவனத்தினுடையது. அக்கார் ஓரளவு விற்றது. ஆயினும் மாருதியின் வேகத்தை எட்டவில்லை. சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தன் உற்பத்தியை நிறுத்தியது.

1991 ஆம் ஆண்டில் அரசு தொழிற்கொள்கையை மாற்றியது. உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. பிரீமியர் நிறுவனம் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, மும்பைக்கு அடுத்த கல்யாண் பகுதியில் கார் செய்யத் தொடங்கியது. தொழிலாளர் சிக்கலும் விற்பனைக் குறைவும் அக்கூட்டை நெடுநாள் நிலைக்கவிடவில்லை. பியட் நிறுவனம் தனியே குர்லாவில் தன் புதிய கார்களைச் செய்ய முனைந்தது. புதிய நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் பத்மினியின் உற்பத்தி முற்றிலும் நின்றுபோயிற்று.

ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது எந்திரங்கள் மட்டும் நிற்பதில்லை. அதை நம்பியிருந்த தொழிலாளரின் வீட்டு அடுப்பும் தடுமாறுகிறது. வெளியே உறுப்புகள் செய்து தந்த சிறு பட்டறைகளும், பழுது பார்த்த கைவினைஞர்களும் பாதிக்கப்படுகின்றனர். உதிரி உறுப்புகள் அரிதானதால், பத்மினியை ஓட்டியவர்கள் பழைய கார்களைப் பிரித்து அவற்றின் உறுப்புகளைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. குர்லாவில் தொழிற்சாலைகள் நின்ற நிலங்களில் பின்னாளில் அடுக்குமாடிகளும் அங்காடிகளும் எழுந்தன.

மும்பையில் வாடகைக் கார் ஒன்று இருபது ஆண்டுகளுக்குமேல் ஓடக்கூடாது என்பது விதி. கடைசிப் பத்மினி வாடகைக் கார், தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. எனவே 2023 ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியோடு அதன் ஓட்டம் நிறைவு பெற்றது. மும்பை மக்கள் தம் வீட்டில் நெடுநாள் இருந்த ஒருவரை வழியனுப்புவது போல அதனை வழியனுப்பினர்.

எஞ்சி நிற்பவை

வால்சந்த் தொடங்கியவற்றுள் பல இன்று அவர் குடும்பத்தாரிடம் இல்லை. பெங்களூர் விமான நிறுவனம் இந்திய அரசின் மாபெரும் விமானத் தொழிலகமாக வளர்ந்துள்ளது. விசாகப்பட்டினக் கப்பல் தளமும் அரசுடைமையாயிற்று. சிந்தியா கப்பல் நிறுவனம் நொடிந்து மறைந்தது. நாசிக் மாவட்டத்தின் ராவல்காவில் அவர் தரிசு நிலத்தைத் திருத்திக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை அமைத்தார். அவ்வூரின் பெயரைக் கொண்ட மிட்டாய்களை நாடெங்கும் பிள்ளைகள் சுவைத்தனர். அந்த மிட்டாய்ப் பெயர்களும் 2024 ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன.

ஒன்று வேரூன்றும் முன்னரே அடுத்ததைத் தொடங்கியவர் வால்சந்த். அதனால் கடன் சுமையும் இடர்களும் அவரை விட்டு நீங்கவில்லை. எனினும், இந்தியரால் இயலாது என்று விலக்கி வைக்கப்பட்ட தொழில்களை இயலும் என்று காட்டியது அவருடைய வாழ்வு. தடைகள் நிறைந்த காலத்தில் பிறந்த கார்த் தொழில், போட்டியில்லாத காலத்தில் செழித்தது. போட்டி வந்த காலத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தவறியதால் தளர்ந்தது.

அவர் 1926 ஆம் ஆண்டில் நிறுவிய கட்டுமான நிறுவனமோ காலத்திற்கு ஏற்பப் புதிய நுட்பங்களைக் கற்றது. பாந்திராவையும் வொர்லியையும் கடல்மேல் இணைக்கும் பாலம் 2009 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனைக் கட்டியது அந்நிறுவனமே. மாஹிம் கடற்கரையில் மாலையில் நிற்பவர்களுக்கு, விரிகுடாவின் குறுக்கே அதன் கம்பிவடங்கள் ஒளிர்வது தெரியும். கடற்கரைக்குப் பின்னே உள்ள சாலையில் கறுப்பு மஞ்சள் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் பத்மினி மட்டும் இல்லை.

சொல்லும் பொருளும்

சுக்கான் - கப்பலின் திசையைத் திருப்பும் கருவி
கழிமுகம் - ஆறு கடலில் கலக்கும் இடம்
வேட்கை - பெருவிருப்பம்
கோலோச்சுதல் - ஆட்சி செய்தல்
உரிமம் - அரசு வழங்கும் இசைவு
நொடிதல் - பொருள் இழந்து அழிதல்
விரிகுடா - நிலத்தின் உள்ளே வளைந்து வந்த கடற்பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. வால்சந்தின் முன்னோர் எப்பகுதியைச் சேர்ந்தவர்கள்?
2. ஏப்ரல் 5 ஆம் நாள் எந்நாளாகக் கொண்டாடப்படுகிறது? ஏன்?
3. பிரீமியர் நிறுவனம் அமெரிக்கக் கார்களை விட்டுப் பியட் காரைத் தேர்ந்தது ஏன்?
4. மும்பை வாடகைக் கார் ஓட்டுநர்கள் பத்மினியை விரும்பியதற்கு இரண்டு காரணங்கள் தருக.

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.

1. வ. உ. சிதம்பரனாரின் கப்பல் நிறுவனத்தையும் வால்சந்தின் கப்பல் நிறுவனத்தையும் ஒப்பிடுக.
2. போட்டியில்லாத நிலை பத்மினிக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா? பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

இ. செயல்பாடு

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் மும்பைக்கு வந்த நாளில் எந்த வண்டியில் பயணம் செய்தார்கள் என்று கேட்டறிக. அப்பயணத்தைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.